பொன்வாலனுக்குக் கால் முளைத்தது

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவள் என் ஓரகத்தி லீதியாள். என் மூத்த மகளுக்குப் பால்பல் விழத் தொடங்கிய கோடை அது. காய்ச்சலோடு இருந்த ஒரு குழந்தையை மேடையேற்றிப் பாட வைத்ததைப் பார்த்துவிட்டு வந்து, கோபம் தாங்காமல் சொன்னாள். அந்தக் கோபம் எனக்கும் இன்னும் ஆறவில்லை.

காட்டுக்குள் ஒரு குளம். அதில் ஒரு தவளைக் குடும்பம். அப்பாவின் பெயர் தொந்தியப்பன். அம்மா மழைச்செல்வி. அவர்களின் தலைப்பிரட்டைகளில் ஒன்றுக்கு மட்டும் வால் பொன்னாக மின்னியது. அவனைப் பொன்வாலன் என்று கூப்பிட்டார்கள்.

வெயில் தண்ணீருக்குள் இறங்கும் நேரத்தில் அவன் குட்டிக்கரணம் போட்டால், குளத்தின் அடியில் விளக்கேற்றினது போல இருக்கும். முதலில் விளையாட்டாகத்தான் போட்டான். கூடப் பிறந்தவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

பிறகு மீன்கள் வேடிக்கை பார்க்க வந்தன. நண்டுகள் வந்தன. மேல் ஓடையிலிருந்து நத்தைகள்கூட முந்தின நாளே கிளம்பி வந்து சேர்ந்தன. யாரும் வெறுங்கையோடு வரவில்லை. ஆளுக்கொரு புழுவோ பூச்சியோ கொண்டு வந்தார்கள்.

அதற்குப் பிறகு தொந்தியப்பன் இரை தேடப் போகவே இல்லை. நடுக்குளத்துப் பாறையில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "பொன்வாலனைப் பெத்தவன் நான்தான்!" என்று கத்துவதே அவன் வேலையாகிவிட்டது.

புழுவெல்லாம் அப்பாவுக்கு. பிள்ளைக்கோ, "பாசியை அள்ளித் தின்னாதே! வயிறு ஊதிப்போனா யாருடா பார்ப்பா?" என்ற அதட்டல். நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது.

ஒரு நாள் பொன்வாலனுக்குப் பின்னங்கால்கள் முளைத்தன. சந்தோஷமாக நீந்தி வந்தான்.

"அப்பா, கால் வந்திருச்சு! இனி நானும் கரைக்கு வருவேன்!"

தொந்தியப்பன் பதறிப்போனான். "கத்தாதே! யாராவது பார்த்தாங்களா?"

"ஏன்பா? உனக்கும்தான் கால் இருக்கு!"

"என்னைப் பார்க்க யாரு வர்றா? மடக்குடா அதை!"

சொன்னதோடு நிற்கவில்லை. பாசிக்கொடியை இழுத்து வந்து, அந்தப் பிஞ்சுக் கால்களை உடம்போடு சேர்த்துக் கட்டினான்.

மழைச்செல்விக்குத் தாங்கவில்லை. "என்னங்க, வளர்ற கால் இது. கட்டினா கோணிப் போயிடும்!"

"நீ சும்மா இரு! இவன் தவளையாயிட்டா நாமளும் மத்தவங்க மாதிரிதான். அது உனக்குச் சம்மதமா?"

அவள் வாயை மூடிக்கொண்டாள். அன்றைக்கு வந்த புழுவில் அவளுக்கும் பங்கு கிடைத்திருந்தது. பெற்றவள் என்பதற்காக அதை நான் மறைக்க மாட்டேன்.

கூடப் பிறந்தவர்களுக்கெல்லாம் வால் சுருங்கியது. கரையேறித் தாவித் திரிந்தார்கள். ஒருவன் தண்ணீருக்குள் எட்டிப் பார்த்துக் கூப்பிட்டான். "டேய், வாடா! மழை ஈசல் பறக்குது!"

"வர முடியாதுடா. ஆட்டம் இருக்கு."

"நேத்தும் இருந்துச்சே!"

"நாளைக்கும் இருக்கு."

வளர்கிற தலைப்பிரட்டைக்கு ஒரு பருவம் வரும். தண்ணீருக்குள் இழுக்கும் மூச்சு அப்போது போதாது. மேலே வந்து காற்றைக் குடிக்க வேண்டும். எல்லாத் தவளைக்கும் இது தெரியும். தொந்தியப்பனுக்கும் தெரியும். ஆனால் பிள்ளை கரணத்தை நிறுத்தித் தலையை மேலே நீட்டினால், முகம் தவளை முகமாக மாறியிருப்பது ஊருக்குத் தெரிந்துவிடுமே!

"ஆட்டம் முடியற வரைக்கும் மேலே வரக் கூடாது!" என்று சொல்லிவிட்டான்.

அந்த நேரம் பார்த்துப் பெரிய ஏரியிலிருந்து கிழட்டு ஆமை ஒன்று ஆட்டம் பார்க்க வந்தது. அதற்குப் பிடித்துப்போனால் ஏரியிலேயே குடும்பத்துக்கு இடம் கிடைக்கும் என்று பேச்சு.

பொன்வாலன் கரணம் போட்டான். வால் மின்னியது. கூட்டம் ஆரவாரம் செய்தது.

"இன்னொண்ணு!" என்றது ஆமை.

"அப்பா, மூச்சு முட்டுது…"

"ஒரே ஒரு சுத்துடா, தங்கம்! ஏரிக்காரர் பார்க்கறார்!"

மறுபடி சுற்றினான். பாதியில் உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. வால் தானாக அடித்துக்கொண்டது. கூட்டத்துக்கு அது புது வித்தையாகத் தெரிந்தது.

"ஆகா! இதை நாம பார்த்ததே இல்லையே!" என்று நண்டுகள் கொடுக்கைத் தட்டின.

தொந்தியப்பன் கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தான். பிள்ளையைப் பார்க்கவில்லை.

தாய் பார்த்தாள்.

"ஐயோ, அது ஆட்டம் இல்லை! என் பிள்ளை சாகுது!"

குதித்தாள். மீன்களை இடித்துத் தள்ளிக்கொண்டு போய், பிள்ளையை முதுகில் ஏந்தி மேலே கொண்டுவந்தாள். பொன்வாலன் வாயைத் திறந்து காற்றைக் குடித்தான். குடித்துக்கொண்டே இருந்தான். அவள் பாசிக்கொடியைக் கடித்து அறுத்தாள். உள்ளே இரண்டு கால்களும் வளைந்து கிடந்தன.

"சீ, இது வெறும் தவளை!" என்றது ஆமை. "ஏமாத்து வேலை! இதுக்கா இவ்வளவு தூரம் வந்தேன்?"

மழைச்செல்வி திரும்பினாள். "ஏமாத்தினது நாங்கதான். எங்களைத் திட்டுங்க. ஆனா இன்னொண்ணு, இன்னொண்ணுன்னு கேட்டது யாரு? மூச்சு முட்டின பிள்ளைக்குக் கை தட்டினது யாரு?"

அடுத்த குளத்தில் நீலப் புள்ளி வைத்த தலைப்பிரட்டை ஒன்று இருக்கிறதாம். கூட்டம் மொத்தமும் அதைப் பார்க்கக் கிளம்பிவிட்டது.

"போச்சே! இனி சாப்பாட்டுக்கு என்ன செய்வேன்?" என்று தொந்தியப்பன் தலையில் அடித்துக்கொண்டான்.

"இரை தேடப் போங்க. ஊர்த் தவளையெல்லாம் போகலையா?" என்றாள் அவள்.

கரையில் படுத்திருந்த பொன்வாலன் மெல்லக் கேட்டான். "அம்மா, நாளைக்கு ஆட்டம் உண்டா?"

"இல்ல, ராசா."

"அப்ப நான் தூங்கலாமா?"

அவள் அவனைத் தன்னோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

ஒரு கால் நாளாவட்டத்தில் நிமிர்ந்தது. இன்னொன்று கடைசிவரை நிமிரவே இல்லை. அவன் நேராகத் தாவினால் பக்கவாட்டில்தான் போய் விழுவான்.

பிள்ளை வளர்வதைத் தடுத்து அதன் புகழில் வயிறு வளர்ப்பது, பெற்றவர்களே செய்தாலும் பாவம்தான்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். யாராவது தங்கள் பிள்ளையை உங்கள் முன்னால் நிறுத்தி ஆடு, பாடு என்று சொன்னால், கை தட்டுவதற்கு முன்னால், "நீ சாப்பிட்டியாம்மா?" என்று அந்தப் பிள்ளையைக் கேளுங்கள்.