நேரத்தை நிறுத்திய ஆவுடையப்பன்

கள்ளிவிளைக்காரர்களுக்குக் கடிகாரம் இல்லாத குறை என்றைக்கும் இருந்ததில்லை. பசித்தால் மத்தியானம், கொட்டாவி வந்தால் ராத்திரி. அப்படி நிம்மதியாக இருந்த ஊரில், ஆவுடையப்பன் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான்.

டவுனில் நடக்கப்போகும் நெடுந்தூர ஓட்டத்தில் அவனும் அவன் மச்சினன் கோமதிநாயகமும் ஓட வேண்டும். பிந்தி வருபவன் மீசையை எடுத்துவிட வேண்டும். இதுதான் பந்தயம். ஆவுடையப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. பெண் பார்க்கப் போன அன்று ஈஸ்வரி அந்த மீசையைப் பார்த்துத்தான் தலையாட்டினாள். மீசை போனால் கல்யாணம் செல்லுமா, செல்லாதா?

கூட்டாளிகள் சூசையையும் கனியையும் கூட்டி வைத்து யோசனை கேட்டான்.

"ஓட்டத்துக்கு முதல்ல என்னலே வேணும்?"

"காலு," என்றான் சூசை.

"அது ரெண்டு இருக்கு. இல்லாததைச் சொல்லு."

"வாட்ச்," என்றான் கனி.

மூவரும் டவுனில் ஒரு வாட்ச் கடைக்குப் போனார்கள். கடைக்காரப் பெண் ஜெசிந்தா பொறுமைசாலி. இரண்டு வாட்ச்சை எடுத்து வைத்தாள்.

"அண்ணாச்சி, இது ரன்னிங் வாட்ச். ஓடுறதுக்குன்னே செஞ்சது. இது ஸ்மார்ட் வாட்ச். போன் வந்தா சொல்லும், மெசேஜ் காட்டும், ரொம்ப நேரம் உக்காந்திருந்தா எந்திரிக்கச் சொல்லும்."

கனி சட்டென்று இரண்டையும் எடுத்துத் தரையில் வைத்தான். மூவரும் குனிந்து பார்த்தார்கள்.

"ரெண்டும் ஓடக் காணோமே, தாயீ," என்றான் ஆவுடையப்பன்.

"கையில கட்டிக்கிட்டு நீங்கதான் ஓடணும், அண்ணாச்சி."

"நான் ஓடணும்னா அப்புறம் அதுக்கு எதுக்கு அந்தப் பேரு?"

சூசை சமாதானம் செய்தான். "ஸ்மார்ட்டையே எடுப்போம்லே. புத்திசாலி ஒருத்தன் கூட இருந்தா நல்லதுதான?"

"எந்திரின்னு சொல்ல வீட்டுல ஈஸ்வரி இருக்கா. புத்திசாலி ஒண்ணு போதும்."

"ரன்னிங் வாட்ச்னா வானத்துல இருக்கற சாட்டிலைட் உங்களைப் பாத்துக்கிட்டே இருக்கும்," என்றாள் ஜெசிந்தா. ஆவுடையப்பன் அண்ணாந்து கடைக் கூரையைப் பார்த்தான். மேல் பித்தானைப் போட்டு, மீசையை ஒரு முறுக்கு முறுக்கிக்கொண்டான்.

"இன்னொரு வசதியும் இருக்கு, அண்ணாச்சி. நீங்க நின்னா இது நேரத்தை நிறுத்திரும். திரும்ப ஓடினா நேரமும் ஓடும்."

ஆவுடையப்பன் மீசையிலிருந்து கையை எடுத்தான்.

"நான் நின்னா... நேரம் நின்னுருமா?"

"ஆமா, அண்ணாச்சி."

மறுபேச்சில்லாமல் ரன்னிங் வாட்ச்சைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பினார்கள்.

ஓட்ட நாள் விடிந்தது. துணைக்குச் சூசையும் கனியும் சேர்ந்துகொள்ள, கொடி அசைந்ததும் மூவரும் முதல் திருப்பம் வரை ஓடினார்கள். அங்கே ஆவுடையப்பன் நின்றான். வாட்ச்சைப் பார்த்தான். நேரம் நின்றிருந்தது!

"ஊரே ஓடுது பாருங்கலே," என்றான் கனி இரக்கத்தோடு, "நேரத்தை வீணாக்கிக்கிட்டு."

கோமதிநாயகம் கையில் ஸ்மார்ட் வாட்ச் மின்ன அவர்களைத் தாண்டி ஓடினான். "அத்தான், மீசைக்கு எண்ணெய் வச்சு வழியனுப்புங்க!"

"பாவம், அவன் வாட்ச்சு நிறுத்தாது போல," என்றான் சூசை.

நேரம்தான் நிற்கிறதே, அவசரம் என்ன? புரோட்டா தின்றார்கள். வேப்பமரத்தடியில் படுத்துத் தூங்கினார்கள். வழியில்தான் சூசையின் சித்தி வீடு. பார்க்காமல் போனால் கோபித்துக்கொள்வாள் என்று போய், கோழிக்குழம்போடு சாப்பிட்டு, மறுபடி ஒரு தூக்கம் போட்டார்கள். வெயில் தாழ எழுந்து, மிச்ச தூரத்தையும் ஓடி எல்லைக்கு வந்தார்கள்.

எல்லையில் ஓட்டக்காரர் ஒருவரும் இல்லை. நாலு பேர் பந்தல் கம்புகளோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தார்கள்.

ஆவுடையப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஏலே, இன்னும் பந்தலே போட்டு முடியலை. அம்புட்டு சீக்கிரம் வந்துட்டோம்!"

கனி உடனே உதவப் போனான். அவர்கள் அவிழ்த்த கயிற்றையெல்லாம் இவன் பின்னாலேயே போய்க் கட்டினான். அவர்கள் திட்டியதை நன்றி என்று எடுத்துக்கொண்டான்.

ஆவுடையப்பன் மச்சினனுக்குப் போன் போட்டான். "எங்க மாப்பிள்ளை இருக்கிய?"

"வீட்டுல தூங்கிக்கிட்டிருந்தேன். ஏன் அத்தான்?"

ஆவுடையப்பன் போனைக் கையால் பொத்தினான். "பாவம்லே. ஓடவே வரலை. தூங்குதான்."

மூவரும் கட்டிப்பிடித்துக் கொண்டார்கள். ஆனால் சூசையின் முகம் மெல்லச் சுருங்கியது.

"ஆவுடை, நாம நிறுத்தி நிறுத்தி நேரம் காலைக்கும் முன்னால போயிட்டு போல. அவங்க தொடங்கவே இல்லை. நாம ஓடியே முடிச்சிட்டோம். தொடங்கும் முன்ன ஓடினா ஆட்டத்துல சேக்க மாட்டாங்களே?"

ஆவுடையப்பனின் கை தானாக மீசைக்குப் போயிற்று. "ஆத்தாடி! இப்ப என்னலே பண்ண?"

வெகுநேரம் ஆலோசித்தார்கள். முடிவு ஒன்றாகத்தான் வந்தது.

விளக்குப் போடும் வேளையில் டவுன் நெடுஞ்சாலையில் மூன்று பேர், முதுகை முன்னால் காட்டிக்கொண்டு, கர்மசிரத்தையாகப் பின்னோக்கி ஓடி வந்தார்கள். சந்திப்பில் நின்ற போலீஸ்காரம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"என்னய்யா இது?"

"ஓடினதைத் திருப்பிக்கிட்டிருக்கோம்மா," என்றான் ஆவுடையப்பன் மூச்சிரைக்க. "நீங்க இங்கதான நிப்பிய? இன்னைக்குக் காலையில வந்து சேந்துட்டோம்னா ஒரு சத்தம் குடுங்க. நின்னுக்கிடுதோம்."