பூச்சாண்டியான நண்டு

ஒரு மலையடிவாரக் காட்டில் மூக்காயி என்ற கரடி, தன் குட்டி சுருளியை முதுகில் ஏற்றிக்கொண்டு திரிவாள். கரடிகளுக்கு அதுதான் வழக்கம். குட்டிகள் அம்மாவின் முதுகு முடியைப் பிடித்து உட்கார்ந்துவிட்டால் லேசில் இறங்குவதில்லை. சுருளி தேன்கூட்டைக் கண்டால் மட்டும் இறங்குவான்.

அவன் சாதாரணப் பிள்ளை இல்லை. தூங்கச் சொன்னால் தூங்க மாட்டான், தின்னச் சொன்னால் தின்ன மாட்டான். ஓடைக்கரையில் வளையாண்டி என்றொரு நண்டு இருந்தார். காட்டில் யாருக்குச் சொத்தைப் பல் வந்தாலும் தன் கொடுக்கால் பிடுங்கிவிடுபவர் அவர்தான். மூக்காயி பிள்ளையை மிரட்ட அவர் பெயரைப் பிடித்துக்கொண்டாள். “சொன்ன பேச்சைக் கேக்கலேன்னா வளையாண்டிகிட்டப் பிடிச்சுக் கொடுத்துடுவேன். எல்லாப் பல்லையும் பிடுங்கிடுவாரு” என்பாள். பையன் உடனே கண்ணை இறுக மூடிக்கொள்வான். நல்ல மருந்து கிடைத்தது என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். அவளை மட்டும் சொல்லி என்ன? அந்தக் காட்டில் பாதித் தாய்மார்கள் இதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

தேன் தின்று தின்று சுருளியின் கடைவாய்ப் பல் ஒன்று சொத்தையானது. கன்னம் வீங்கியது, காய்ச்சல் அடித்தது. தேனைக்கூட வேண்டாம் என்று தள்ளினான். வீக்கம் கண்ணுக்குக் கீழே ஏறியபோது மூக்காயி அவன் வாயைத் திறந்து பார்த்தாள். பல்லைப் பிடுங்காவிட்டால் பிள்ளை தேற மாட்டான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

உண்மையைச் சொன்னால் வர மாட்டான் என்று, இலுப்பைப் பூ பொறுக்கப் போவதாகச் சொல்லி முதுகில் ஏற்றிக்கொண்டாள். ஓடைச் சத்தம் கேட்டதும் அவளுக்கே பயம் வந்துவிட்டது. முதுகு நடுங்கியது. முதுகில் இருப்பவனுக்கு அது தெரியாமல் போகுமா? எங்கே போகிறோம் என்று சுருளி கண்டுகொண்டான். சறுக்கி இறங்கி, பக்கத்திலிருந்த பாறை இடுக்குக்குள் புகுந்துவிட்டான். அவள் கைகூட நுழையாத இடுக்கு அது.

மூக்காயி கெஞ்சினாள், மிரட்டினாள். எதற்கும் அவன் அசையவில்லை. மரத்திலிருந்து வேடிக்கை பார்த்த செவத்தாள் குரங்கு, மரத்தில் பெரிய தேனடை இருப்பதாக ஒரு பொய் சொல்லி அவனை வெளியே இழுக்கச் சொன்னாள்.

“பொய் சொல்லித்தான் என் பிள்ளையை இந்த இடுக்குல கொண்டாந்து விட்டிருக்கேன். இனிமே அவன்கிட்ட ஒரு பொய்யும் கிடையாது” என்றாள் மூக்காயி. சொல்லிவிட்டு நேரே ஓடைக்குப் போனாள்.

வளையாண்டி வளையைவிட்டு வெளியே வரவே இல்லை. உள்ளிருந்தபடியே பொரிந்து தள்ளினார். எந்தப் பிள்ளை சாப்பிடாவிட்டாலும் தன் பெயரைத்தான் இழுக்கிறார்கள், தன்னைக் கண்டாலே குட்டிகள் அலறி ஓடுகின்றன, இப்போது மட்டும் தான் வேண்டியிருக்கிறதா என்று கேட்டார். மூக்காயிக்கு வெட்கமாக இருந்தது.

“தப்புதான் அண்ணே. அதை என் பிள்ளை முன்னாடியே சொல்றேன், வாங்க.”

அவர் முறைத்துக்கொண்டே வளையைவிட்டு வெளியே வந்தார். பிறகு ஒரு கிராம்பு மொட்டைக் கவ்விக்கொண்டு அவள் தலையில் ஏறினார். வழியெல்லாம் அவளுக்குப் புத்திமதிதான். வலிக்காது என்று மட்டும் பிள்ளையிடம் சொல்லக் கூடாதாம். பெற்றவள் நடுங்கினால் பிள்ளையும் நடுங்குவானாம்.

மூக்காயி இடுக்கின் வாசலில் படுத்துக்கொண்டாள். “நான் சொன்னதெல்லாம் பொய்டா சுருளி. உன்னைத் தூங்க வைக்கிறதுக்காக இவரைப் பூச்சாண்டி ஆக்கிட்டேன். கெட்டுப்போன பல்லைத் தவிர இவர் எதையும் தொட மாட்டாரு.”

சுருளி உள்ளிருந்தபடி மெல்லக் கேட்டான், “வலிக்குமா?”

“கொஞ்ச நேரம் வலிக்கும். முடியறவரைக்கும் நீ என் மடியிலதான் இருப்பே.”

“நீயே பயந்தியே. முதுகு நடுங்குச்சே.”

“பயந்தேன்தான். இப்ப நடுங்குதான்னு ஏறிப் பாரு.”

கொஞ்சம் கொஞ்சமாக அந்த வீங்கின முகம் வெளியே வந்தது. அவன் முதுகில் ஏறிப் படுத்தான். மூக்காயி பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். உள்ளுக்குள் எப்படி இருந்ததோ, முதுகு மட்டும் நடுங்கவில்லை. அவனே இறங்கி வந்து அவள் மடியில் உட்கார்ந்தான்.

வளையாண்டி முதலில் தன் கொடுக்கைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். ஈறு மரத்துப்போகக் கிராம்பை வைத்தார். அடுத்து என்ன செய்யப்போகிறார் என்பதையும் ஒவ்வொன்றாகச் சொன்னார்.

“ஒண்ணே ஒண்ணு தம்பி. வாயை மட்டும் மூடிடாதே. மூடினா நான் துவையல்தான்.”

சுருளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துப் பல்லை அசைத்து இழுத்துவிட்டார். அவன் அழத்தான் செய்தான். மூக்காயி அழாதே என்று சொல்லவில்லை. அவன் அழுது முடிக்கும்வரை கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தாள்.

புண் ஆறும்வரை எதையும் உறிஞ்சக் கூடாது என்று சொல்லிவிட்டு நண்டு இறங்கினார். கரடிகளுக்கு இது பெரிய தண்டனை. கறையான் புற்றை உடைத்து, ஒரே உறிஞ்சில் இழுத்துத் தின்பதுதானே அவர்களுக்கு விருந்து! பிள்ளைக்கு ஏக்கம் வரக் கூடாதென்று மூக்காயியும் புற்றுப் பக்கம் போகவில்லை. இரண்டு பேரும் கனிந்த அத்திப்பழத்தை நசுக்கித் தின்றார்கள்.

வீக்கம் வடிந்தபின் ஒருநாள் ஓடைப் பக்கம் வந்தார்கள். வளையாண்டி கரையில் வந்துகொண்டிருந்தார். அவரைக் காட்டி, மரத்திலிருந்த செவத்தாள் தன் குட்டியை அதட்டிக்கொண்டிருந்தாள். “இதோ வளையாண்டி வர்றாரு பாரு, உன் பல்லை…”

“அத்தை, அவரை அப்படிச் சொல்லாதீங்க” என்றான் சுருளி, அம்மாவின் முதுகிலிருந்தபடி. “நாளைக்கு உங்க பிள்ளைக்குப் பல்லு வலிச்சா இவர்கிட்டதானே வரணும்?”

செவத்தாள் குட்டியைப் பிடித்திருந்த கையை எடுத்தாள். அவளுடைய குட்டி மெல்லக் கீழே இறங்கி, வளையாண்டியின் கொடுக்கைத் தொட்டுப் பார்த்தது.

பிள்ளையை அடக்குவதற்காக மருத்துவரைப் பூச்சாண்டி ஆக்காதீர்கள்; வலிக்கும் நேரத்தில் அவனுக்கு வேண்டியது பெற்றவர்களின் உண்மையும் நடுங்காத மடியும்தான்.