முதலில் கண்ணில் படாத இடத்தில்

கீச்... கீச்... கீச்.

கேட்டுக்கு வெளியே நின்ற கோமதிநாயகத்துக்கு அந்தச் சத்தம்தான் முதலில் கேட்டது. ஈரச் சிலேட்டை விரலால் அழிக்கிற மாதிரி ஒரு சத்தம். காருக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது. ஆளைக் காணோம்.

“டீச்சர்!”

சத்தம் நிற்கவில்லை.

“டீச்சர், நீங்க இன்னைக்கே எங்க வீட்டுக்கு வந்து அவகிட்ட ரெண்டு வார்த்தை சொல்லணும். சாயங்கால பஸ்ஸுக்கு அவ கிளம்பிருவா.”

“கேட்டு தெறந்துதான் கெடக்கு, அண்ணாச்சி,” என்றது காரின் அடிப்பக்கம்.

சங்கரன்கோவிலில் செண்பகம் டீச்சர் என்றால் டிரைவிங் ஸ்கூல் டீச்சர். கார் ஓட்டப் படிக்க வந்தவர்கள் லைசென்ஸ் வாங்கிய பிறகும் வந்துகொண்டிருந்தார்கள். மாமியாரைப் பற்றிக் கேட்டார்கள். தூக்கம் வராததைப் பற்றிக் கேட்டார்கள். செத்தால் எங்கே போவோம் என்றும் ஒருவர் கேட்டார். டீச்சர் சில சமயம் பதில் சொல்வார். பல சமயம் ஏதாவது வேலை கொடுப்பார். நாளாவட்டத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் வீட்டு கார் ஷெட்டில் பாய் விரித்து உட்கார ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது.

அந்தக் கூட்டத்தில் மூத்த சீடர் கோமதிநாயகம். டீச்சரைவிட வயதிலும் மூத்தவர். பொறுமைக்குப் பேர் போனவர். கார் ஓட்டத்தான் இன்னும் வரவில்லை.

அவருக்குப் பால் குளிரூட்டும் நிலையத்தில் ராத்திரி வேலை. ஊர் எழும்பும்போது அவர் படுப்பார். அவர் சட்டையை மாட்டும்போது ஊர் பாயைத் தட்டிப் போடும். கல்யாணமான நாளிலிருந்து அவரும் உலகம்மாளும் ஒரே வீட்டில், வேறு வேறு ஊர்க்காரர்களைப் போல இருந்து வந்தார்கள். இரண்டு பேரும் சேர்ந்து முழித்திருப்பது பகலில் கொஞ்ச நேரம். இன்றைக்குச் சண்டை வந்ததும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான்.

அவர் காரைச் சுற்றிக்கொண்டு போனார்.

டீச்சர் ஒரு சாக்கை விரித்து அதில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். சேலையை இழுத்துச் செருகியிருந்தார். மங்கிப்போன அந்த நீலக் காரின் பின்கதவு திறந்திருந்தது. கதவைத் திறந்தால் மட்டும் தெரிகிற கீழ் ஓரத்தை, பழைய பருத்திச் சேலைக் கிழிசலால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன டீச்சர் இது?”

“புது பாலிஷாம். லைசென்ஸ் எடுத்த பிள்ளை ஒண்ணு கொண்டாந்து குடுத்துச்சு. எப்படி இருக்குன்னு தேய்ச்சுப் பாக்கேன்.”

“அந்த இடத்துலயா? அங்க தேய்ச்சா யாரு பாப்பா?”

“யாரும் பாக்க மாட்டாங்க,” என்றார் டீச்சர், திருப்தியாக.

கோமதிநாயகம் ஷெட்டுத் தூணில் சாய்ந்தார். வழியெல்லாம் கோர்த்து வைத்துக்கொண்டு வந்த பேச்சு கலைந்துவிட்டது.

“சொல்லுங்க, அண்ணாச்சி. காது சும்மாதான் இருக்கு.”

“காலையில சின்ன வெங்காயம் உரிச்சுத் தாங்கன்னா. தூக்கக் கலக்கத்துலயும் சுளகை மடியில வச்சு உக்காந்து உரிச்சேன். ‘தோலோட பாதி வெங்காயமும் போகுதே’ன்னா. சரின்னு இருந்தேன். இன்னொரு தடவை சொன்னா.”

“ம்.”

“சுளகைத் தூக்கி எறிஞ்சுட்டேன்.”

“வெங்காயத்தோடயா?”

“வெங்காயத்தோடதான்.”

டீச்சர் தேய்ப்பதை நிறுத்தவில்லை. தோள் மட்டும் லேசாகக் குலுங்கியது.

“சிரிக்காதீங்க, டீச்சர். அவ துணியெல்லாம் எடுத்துப் பையில வச்சுட்டா. ராஜபாளையத்துல அவ அக்கா வீடு இருக்கு. இந்தத் தடவை போனா வரமாட்டேங்கா. சத்தம் போட்டுச் சொல்லியிருந்தா எனக்குப் பயமில்ல. மெதுவாச் சொல்லுதா.”

கீச் சத்தம் நின்றது.

“மதினி வேற என்ன சொன்னாங்க?”

அவர் கொஞ்சம் தயங்கினார்.

“‘ஞாயித்துக்கிழமை ஷெட்டுல வச்சு காட்டுதீங்கள்லா ஒரு பொறுமை, அதுல ஒரு கரண்டி வீட்டுக்கும் கொண்டாங்க’ன்னா. எப்படி நக்கல் பாத்தீங்களா? நான் எவ்வளவு மாறியிருக்கேன்னு உங்களுக்குத் தெரியும். போன மாசம் டேங்கர் டிரைவர் என் தலையிலயே பாலைக் கொட்டினான். நான் என்ன செஞ்சேன்? சிரிச்சேன்! நிலையத்துல அத்தனை பேரும் பாத்தாங்க. ‘அண்ணாச்சி ஒரு மகான்’னு மேனேஜரே சொன்னாரு.”

“மதினி அங்க இருந்தாங்களா?”

“அவ எதுக்கு அங்க வாறா?”

“அதும் சரிதான்.”

“அதனாலதான் சொல்லுதேன். நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும். உங்க பேச்சைக் கேப்பா.”

டீச்சர் எழுந்து உட்கார்ந்தார். கன்னத்தில் ஒரு கோடு பாலிஷ் இருந்தது.

“இந்த வண்டியில என் பக்கமும் ஒரு பிரேக் இருக்குல்லா?”

“அது இல்லாட்டா நான் இந்நேரம் தெப்பக்குளத்துல கெடப்பேன்.”

“மத்தவங்க வண்டியில?”

“ஏது? ஓட்டுதவன் பக்கம் மட்டும்தான்.”

“உங்க வீட்டுல?”

கோமதிநாயகம் தூணில் ஊர்ந்த எறும்பைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்கு வருத்தமாக இருந்தது. இத்தனை வருஷம் பாய் விரித்து, பாய் சுருட்டியவர். ஒரு நாள் கூப்பிட்டால் டீச்சர் வரமாட்டாராமா?

சும்மா நிற்கவும் முடியவில்லை. போகவும் முடியவில்லை.

“டப்பாவைக் குடுங்க, டீச்சர். நான் தேய்க்கேன்.”

“தேய்ங்க. பின்னால எழுதியிருக்கதைப் படிச்சுட்டுத் தேய்ங்க.”

“பாலிஷுக்கு என்ன படிப்பு?”

டீச்சர் சிரித்துக்கொண்டே டீ போட உள்ளே போனார்.

கார் பின்பாதி ஷெட்டுக்குள்ளும் முன்பாதி வெயிலிலுமாக, தெருவைப் பார்த்து நின்றது. கோமதிநாயகம் நேரே முன்பக்கம் போனார். பானெட்டின் நட்டநடுவில் பாலிஷை ஊற்றினார். வட்டம் வட்டமாகத் தேய்த்தார். ஒரு தட்டு அளவுக்கு நீலம் எழும்பி வந்தது. வெயில் அதில் பட்டுக் கண் கூசியது.

தெருவில் ஸ்கூட்டரில் போன ஒருத்தர் வேகத்தைக் குறைத்தார்.

“அண்ணாச்சி! ஜொலிக்குது போங்க!”

கோமதிநாயகம் நிமிர்ந்து சிரித்தார். மனசு கொஞ்சம் லேசானது. அதே இடத்தில் இன்னும் கொஞ்சம் ஊற்றினார்.

இந்தத் தடவை வெயிலில் பாலிஷ் சட்டென்று காய்ந்து சுண்ணாம்பு மாதிரிப் பிடித்துக்கொண்டது. அவர் அழுத்தித் தேய்த்தார். போகவில்லை. இரண்டு கையாலும் அழுத்தினார். துணி நீலமானது. அவர் கை நீலமானது. பிறகு துணியில் நீலத்தோடு ஒரு சாம்பல் நிறம் வந்தது.

அவர் துணியை எடுத்துப் பார்த்தார்.

பானெட்டின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்டே இல்லை. உள்பூச்சு வெளிறித் தெரிந்தது.

அந்த பானெட்டுக்கு மெல்லிசாக ஒரே ஒரு பூச்சுதான் பூசியிருந்தார்கள். முன்னொரு நாள் பயிற்சியின்போது ஒரு வேப்பமரத்தில் மோதியதால் பூசியது. மோதியவர் கோமதிநாயகம்.

அவர் துணியை அந்த இடத்தின் மேலேயே விரித்து வைத்தார். உடனே வெட்கமாக இருந்தது. எடுத்துவிட்டார்.

டீச்சர் இரண்டு டம்ளரோடு வந்தார். பானெட்டைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். ஒரு டம்ளரை நீட்டினார்.

“குடிங்க, ஆறிரும்.”

“டீச்சர், என்னை ஏசிருங்க.”

“முதல்ல குடிங்க.”

“இந்த வண்டிதான உங்க பிழைப்பு.”

“ஆமா.”

அவர் ஒரு வாய் குடித்தார். தொண்டை பற்றி எரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“என்ன டீச்சர், டீயில இவ்வளவு இஞ்சி?”

“அடுப்படி சன்னல்ல பாத்துட்டுதான் இருந்தேன். கோபம் வந்துச்சு. நசுக்கினேன்.”

கோமதிநாயகம் டம்ளரையும் டீச்சரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“உங்களுக்குமா?”

“நல்லா வந்துச்சு. டம்ளர் ரெண்டையும் ‘ணங்’குனு வச்சேன். காதுல விழலையா?”

“இல்ல.”

“ம்,” என்றார் டீச்சர். தானும் ஒரு வாய் குடித்து, இருமினார்.

இரண்டு பேரும் டீயைக் குடித்து முடித்தார்கள். மிச்சம் வைக்கவில்லை.

“இப்பவாது டப்பாவைப் படிங்க.”

அவர் டப்பாவைத் திருப்பினார். பின்னால் பொடி எழுத்தில் பல பாஷைகள். கடைசியில் தமிழ். கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். கையை எட்ட நீட்டிப் பிடித்து, எழுத்துக் கூட்டுகிற பிள்ளை மாதிரி வாசித்தார்.

“‘முதலில் கண்ணில் படாத ஓர் இடத்தில் தேய்த்துப் பார்க்கவும். அங்கே சரியாக வந்தால் மட்டும்...’”

வாசிப்பு நின்றது.

டீச்சர் காலி டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்று வைத்தார்.

கோமதிநாயகம் பின்கதவுப் பக்கம் போனார். நின்றபடி பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. முழங்காலை மடித்து, சாக்கில் கையை ஊன்றி, தலையைச் சாய்த்துப் பார்க்க வேண்டியிருந்தது. கீழ் ஓரத்தில் நாலு விரல் அகலத்துக்கு, வண்டி கடையிலிருந்து வந்த நாளின் நீலம்.

அவர் எழுந்திருக்கக் கொஞ்ச நேரமாயிற்று.

அதற்குள் டீச்சர் ஷெட்டுச் சுவரில் தொங்கிய பையிலிருந்து ஒரு ஒட்டுத்தாளை எடுத்திருந்தார். பின்பக்கம் உரித்து, பானெட்டின் நடுவில், வெளிறிப்போன இடத்தின் மேல் வைத்து, உள்ளங்கையால் நீவிவிட்டார்.

வெள்ளைத் தாளில் சிவப்பாக ஒரு எல்.

ஓட்டப் பழகுகிறவர்களுக்காக ஒட்டுவது. இதுவரை கண்ணாடி ஓரத்தில்தான் ஒட்டியிருந்தது.

“இதை இனிமே எடுக்கவே முடியாதே, டீச்சர்.”

“எதுக்கு எடுக்கணும்?”

கோமதிநாயகம் அந்த ‘எல்’ எழுத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குழாயில் கையைக் கழுவினார். நீலம் போகவில்லை.

“நான் வாறேன், டீச்சர்.”

“மதினியைக் கேட்டேன்னு சொல்லுங்க.”

வீட்டுக்கு வரச் சொல்லி அவர் மறுபடி கேட்கவில்லை. கேட்டைச் சாத்தும்போது உள்ளே சத்தம் தொடங்கியிருந்தது. கீச்... கீச்.

அவர் வேகமாக நடந்தார். பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற ஆட்டோ ஒன்று எதிரே வந்தது. நின்று, உள்ளே யார் என்று குனிந்து பார்த்தார். வேறு யாரோ.

வீட்டு வாசல்படி ஓரம் பை இருந்தது. பைக்குப் பக்கத்தில் செருப்பு. உலகம்மாள் நல்ல சேலை கட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். காலையில் விழுந்த இடத்திலேயே வெங்காயங்கள் கிடந்தன. ஒன்றைக்கூட அவள் தொடவில்லை.

அவர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். கட்டில் பக்கம் கவிழ்ந்து கிடந்த சுளகை எடுத்தார். முழங்காலை மடித்தார். கட்டிலுக்கு அடியில் கையை விட்டார். அரிசி டிரம்முக்குப் பின்னால் விட்டார். தலையைத் தரையில் சாய்த்து, சிலிண்டருக்கு அந்தப் பக்கம் ஓடியவற்றை ஒவ்வொன்றாக இழுத்தார். ஒன்று அவள் செருப்பின் மேல் கிடந்தது. அதையும் எடுத்துக்கொண்டார்.

“கையில என்ன நீலம்?” என்றாள் சுவரைப் பார்த்தபடியே.

“பாலிஷ்.”

“என்னத்துக்கு?”

“டீச்சர் வண்டியைக் கெடுத்துட்டேன்.”

அவள் திரும்பினாள்.

“ஏசினாங்களா?”

“டீ குடுத்தாங்க.”

“வேற?”

“உன்னைக் கேட்டதாச் சொன்னாங்க.”

அவர் தரையில் உட்கார்ந்து ஒரு வெங்காயத்தை எடுத்தார். நுனியைக் கிள்ளினார். நகத்தால் மேல்தோலை மட்டும் நெம்பி, மெல்ல உரித்தார். இன்னொன்று. இன்னொன்று. நீல விரல்களுக்கு அது லேசில் பிடிபடவில்லை.

உலகம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“இப்பவும்தான் பாதி போகுது,” என்றாள்.

அவர் கை நின்றது.

காது சூடாவது அவருக்கே தெரிந்தது. கதவு சாத்தியிருந்தது. சன்னல் பக்கம் யாரும் இல்லை. சுளகின் விளிம்பை அவர் விரல்கள் பிடித்திருந்தன.

அவர் சுளகை விட்டார். உரித்துப் போட்ட தோல் ஒன்றை எடுத்து, எட்டப் பிடித்துப் பார்த்தார். தோலின் உள்பக்கம் வெள்ளையாக ஒரு அடுக்கு ஒட்டியிருந்தது.

“ஆமா,” என்றார். “போகுது.”

உலகம்மாள் அந்தத் தோலைப் பார்த்தாள். பிறகு எழுந்து, வாசல்படி ஓரம் இருந்த பையைக் காலால் சுவரோரம் தள்ளினாள். நல்ல சேலையின் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, சுளகுக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தாள்.

அவர் அடுத்த வெங்காயத்தை எடுத்தார்.