நரி கட்டிய விதைக் கொட்டகை

ஓடைக்கரையில் ஒரு வீடு கட்டிக்கொள்ள வேண்டும் என்று நரி ஆசைப்பட்டது. ஆனால் அந்த மழைக்காட்டில் நினைத்த இடத்தில் எவரும் வீடு கட்டிவிட இயலாது. விலங்குகளின் அவை கூடி, இடத்தைப் பார்த்து, இசைவு தர வேண்டும். காட்டை வளர்க்கும் பணிகளுக்கு மட்டும் இசைவு கேட்க வேண்டியதில்லை. விதைகளைச் சேர்த்து வைக்கக் கொட்டகை போடலாம். அவற்றைக் கொண்டு செல்லப் பாதையும் அமைக்கலாம்.

நரி இந்த விலக்கைப் பிடித்துக்கொண்டது.

"நான் கட்டப்போவது வீடன்று, விதைக் கொட்டகை!" என்று அவைத் தலைவியான கடமானிடம் அறிவித்தது.

"அப்படியானால் என் இசைவு தேவையில்லை" என்றது கடமான். இடத்தை அது போய்ப் பார்க்கவும் இல்லை.

கொட்டகை எழுந்தது. தரையில் மெத்தென்று பாசி. குளிர்காற்றுப் புகாத சுவர். ஓடையைப் பார்த்தபடி ஒரு சாளரம். விதை மட்டும் ஒன்றுகூட இல்லை. அடுத்து, தன் வாசலிலிருந்து புல்வெளிக்கு நேர்வழி வேண்டும் என்று நரிக்குத் தோன்றியது. குறுக்கே ஒரு பெரிய அயினி மரம் நின்றது. அதைச் சாய்ப்பதற்கு நரி யானையை அழைத்து வந்தது.

யானை மரத்தில் நெற்றியை வைத்தது. அக்கணமே மேலே இறக்கைகளின் பேரொலி கேட்டது. ஆண் இருவாச்சிப் பறவை ஒன்று அலறிக்கொண்டு இறங்கியது.

"நிறுத்துங்கள், யானையாரே! பொந்துக்குள் என் மனைவி இருக்கிறாள்! வாயிலை மண்ணால் அடைத்துக்கொண்டு, சிறகுகளையும் உதிர்த்துவிட்டு, குஞ்சுகளோடு இருக்கிறாள். மரம் விழுந்தால் அவளால் பறக்கவும் இயலாது!"

யானை திடுக்கிட்டுப் பின்வாங்கியது. "என்ன நரியாரே, இதை என்னிடம் சொல்லவே இல்லையே!"

"வருத்தந்தான்" என்றது நரி. "ஆனால் இது விதைப்பாதை. விதியில் இதற்கு இடமிருக்கிறது. ஒரு குடும்பத்துக்காகக் காட்டின் நலனை விட்டுவிட முடியுமா?"

"காட்டின்மீது உமக்கு இவ்வளவு அன்பா! நேற்றுவரை நீர் தின்னும் நண்டின்மீது மட்டுந்தானே இருந்தது!" என்றது யானை.

கூச்சல் கேட்டுக் கடமான் வந்தது. இரு தரப்பையும் கேட்டுவிட்டு எடைபோட்டுப் பார்த்தது. பாதையைத் தடுத்தால் விலக்கே பொருளற்றதாகிவிடும். பிறகு உண்மையாகவே மரம் வளர்ப்பவர்களும் ஒவ்வொன்றுக்கும் அவையின் முன் காத்து நிற்க நேரும். அதற்குள் நடுவதற்கான மழைக்காலம் போய்விடும். பாதையை அனுமதித்தாலோ, பொந்துக்குள் இருக்கும் உயிர்கள் மாண்டுபோகும்.

"நரியாரே, விதைப்பாதைக்குத் தடையில்லை" என்றது கடமான் இறுதியில். "ஒன்றை மட்டும் சொல்லும். இந்த வழியாக விதைகளைச் சுமந்து வரப்போவது யார்?"

நரி அதை எண்ணிப் பார்த்ததே இல்லை. "இந்தக் காட்டில் விதைகளைச் சுமந்து செல்பவை இருவாச்சிகள் அல்லவா?" என்று உளறியது.

"பறப்பவர்களுக்குத் தரையில் பாதையா?"

"இல்லை, இல்லை! யானையார் சுமந்து வருவார்!"

யானை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. "நானா? நான் விதைகளை வயிற்றில் அல்லவா சுமக்கிறேன்! சரி, உம் விருப்பம். இப்போதே உள்ளே வந்து இறக்கிவிடட்டுமா?"

"ஐயையோ, வேண்டாம்! என் படுக்கை என்ன ஆவது!" என்று நரி பதறியது.

கடமான் கொட்டகையின் அருகே சென்று, முதன்முறையாக உள்ளே எட்டிப் பார்த்தது.

"படுக்கை நன்றாகத்தான் இருக்கிறது" என்றது. "பிழை உம்முடையது மட்டுமன்று. நீர் சொன்ன பெயரைக் கேட்டதோடு நான் நின்றுவிட்டேன். அன்றே வந்து பார்த்திருந்தால் இந்த மரத்தில் யானையாரின் நெற்றி பட்டிருக்காது. இந்தக் கொட்டகையைப் பிரித்துவிடும். வீடு வேண்டுமானால் எல்லாரையும் போல அவையிடம் வந்து கேளும். மரத்தை எவரும் தொடக் கூடாது."

நரி கொட்டகையின் சுவரைப் பிரிக்கத் தொடங்கியது. இருவாச்சி அயினி மரத்தில் தொற்றி நின்று, மெல்லக் குரல் கொடுத்தது. பொந்தை அடைத்திருந்த மண்ணின் சிறு பிளவிலிருந்து ஓர் அலகின் நுனி வெளியே வந்தது.

பொதுநன்மைக்காக அளிக்கப்பட்ட சலுகை அந்த நன்மையைச் செய்பவர்க்கே உரியது. அதன் பெயரை மட்டும் சொல்லிக்கொள்பவர்க்கு உரியதன்று.