உள்ளங்காலில் புள்ளி

“எல்லா வாக்கியத்தையும் பாஸிவ் வாய்ஸா மாத்தலாமா டீச்சர்?”

வந்ததும் வராததுமாகப் பவளக்கொடி கேட்டாள். பஞ்சாலையின் பிள்ளைகள் காப்பகத்தில் ஆயா. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆலைக்குள்ளேயே இங்கிலீஷ் படிக்கிறாள். ஜெசிந்தா டீச்சர் அவளைவிடச் சின்னவள்.

“எல்லாத்தையும் முடியாதுக்கா. ‘அவ பாலைக் கொட்டினா’ன்னா மாத்தலாம். பால் கொட்டப்பட்டது. கொட்டினவ பேரே வேண்டாம்.”

“முடியாதது?”

“‘குழந்தை தூங்குச்சு.’ தூங்கினவங்களை விட்டுட்டு தூக்கத்தை மட்டும் எப்படி எடுக்கிறது?”

“அப்ப இது முடியும்.”

இடுப்பிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். காப்பகத்தில் ஒரு பிள்ளைக்கு மருந்து கூடிப்போனது எப்படி என்று மேனேஜர் எல்லா ஆயாவிடமும் கேட்ட கடிதம். இரண்டு மணிக்குள் கொடுக்க வேண்டும்.

டீச்சர் படித்துத் தமிழில் சொன்னாள்.

“காய்ச்சல் மருந்து இரண்டு முறை கொடுக்கப்பட்டது. புள்ளி வைக்கப்படவில்லை.”

“தப்பு இருக்கா டீச்சர்?”

“இங்கிலீஷ்ல ஒரு தப்பும் இல்ல. பிள்ளை எப்படி இருக்கு?”

“வாந்தி நின்னுடுச்சாம். ஆஸ்பத்திரியில பயமில்லைன்னுட்டாங்க.”

“புள்ளின்னா என்னக்கா?”

“மருந்து கொடுத்த கையோட பிள்ளை உள்ளங்கால்ல பேனாவால ஒரு புள்ளி வைக்கணும். அதைப் பாத்துட்டு அடுத்த ஆயா கொடுக்க மாட்டாங்க.”

“ரெண்டாவது தடவை கொடுத்தது?”

“பேச்சியக்கா. கால்ல புள்ளியே இல்லைன்னு அடிச்சுச் சொல்றாங்க. யாரும் நம்பலை. ரெண்டு தடவையும் அவங்கதான்னு மேனேஜர் நினைக்கிறாரு.”

“இப்ப எங்க அவங்க?”

“ஆபீஸ் வாசல்ல. காலையிலேருந்து நிக்கிறாங்க. வேலையை விட்டு எடுத்துடுவாங்களாம்.”

“முதல் தடவை?”

பவளக்கொடி தாளின் ஓரத்தைச் சுருட்டினாள். விரித்தாள். மறுபடி சுருட்டினாள்.

“பேனாவைத் திறந்துட்டேன் டீச்சர். இன்னொரு பிள்ளை தொட்டில்லேருந்து தலைகுப்புற இறங்குச்சு. ஓடிட்டேன்.”

டீச்சர் மேசையிலிருந்த பேனாவை எடுத்தாள்.

“எனக்கும் கைப்பிள்ளை இருக்கு டீச்சர். இந்த வேலை போனா…”

“கையை நீட்டுங்கக்கா.”

நீட்டினாள். உள்ளங்கையில் டீச்சர் பேனாவால் ஒரு புள்ளி வைத்தாள்.

“இது எதுக்கு டீச்சர்?”

“மருந்து கொடுத்துட்டேன்.”

பவளக்கொடி கையை மூடிக்கொண்டாள். கடிதம் மேசையிலேயே கிடந்தது.

ஆபீஸ் வாசலில் பேச்சியக்கா சுவரில் சாய்ந்து, கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தாள்.

“நீங்க போய்ச் சாப்பிடுங்கக்கா” என்றாள் பவளக்கொடி. “இங்க நான் நிக்கணும்.”