உதடு படாத ஒயின்

குமுதவல்லி கிளாஸ் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்ததையே திரும்பத் துடைத்தாள்.

"மேடம், எனக்கு நாக்கே இல்லைன்னு நினைக்கறேன்."

"இல்லாத நாக்காலயா காலையிலேருந்து இவ்வளவு பேசறீங்க அக்கா?" என்றாள் செலின்.

செலின் அவளைவிட ஐந்தாறு வயது சின்னவள். அந்தப் புதுச்சேரி ஓட்டலில் ஒயின் ருசி பார்த்துச் சொல்வது அவள்தான். குமுதவல்லிக்கு ஒரு மாசமாகச் சொல்லிக்கொடுக்கிறாள்.

மேசைமேல் ஒரு பாட்டில். ஸ்பெயின் நாட்டுச் சிவப்பு ஒயின். இருபது வருஷம் இருட்டில் படுத்துக் கிடந்தது. அதன் ருசி இன்னும் உயிரோடு இருக்கிறதா, செத்துவிட்டதா?

விருந்தாளிகள் வந்து உட்கார்ந்தாயிற்று. இன்று குமுதவல்லிதான் சொல்ல வேண்டும். தெரியவில்லை என்றால் பழையபடி பாத்திரம் கழுவப் போக வேண்டியதுதான்.

பழசை வீணாக்கக் கூடாதென்று செலின் ஒரே கிளாஸில் கொஞ்சம் ஊற்றினாள்.

குமுதவல்லி எப்போதும்போல வெட்கப்பட்டுத் திரும்பி நின்றாள். அண்ணாந்து, உதட்டில் படாமல், தொண்டைக்குள் விட்டாள்.

எதிர்ச் சுவரில் கண்ணாடி இருந்தது. அவள் அண்ணாந்து ஊற்றிக்கொண்டதைச் செலின் அதில் பார்த்துவிட்டாள்.

"என்ன தெரியுது?"

"புளிப்பு."

"அப்புறம்?"

"துவர்ப்பு. நேத்து குடிச்ச புதுசும் இப்படித்தான் இருந்தது. எனக்கு ஒண்ணும் புரியலை மேடம்."

செலின் மறுபடி ஊற்றினாள். வாய் வைத்துக் குடித்தாள். பாதியை மிச்சம் வைத்து நீட்டினாள்.

"எச்சிலாச்சே மேடம்."

"ஆமா."

குமுதவல்லியின் கை துணியைத் தேடியது. செலின் அதை எடுத்து நாற்காலியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"உங்க பொண்ணு கடிச்ச மாம்பழத்தைத் தின்ன மாட்டீங்களா?"

"அது வேற மேடம்."

"எப்படி வேற?"

"தெரியலை."

குமுதவல்லி கிளாஸை வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு உதட்டில் வைத்தாள். உதட்டுக்கு முன்னால் மூக்கு உள்ளே போய்விட்டது.

மழையில் நனைந்த தோல் செருப்பு வாசனை. அதற்குப் பின்னால் காய்ந்த அத்திப்பழம்.

திடுக்கிட்டுக் கிளாஸை எடுத்தாள். திரும்ப வைத்தாள். செருப்பைக் காணோம். வாடின ரோஜா மாதிரி ஏதோ.

"மேடம், இப்ப இருந்தது இப்ப இல்லையே. எதைச் சொல்றது நான்?"

செலின் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

குமுதவல்லி இன்னொரு தடவை மோந்தாள். ரோஜாவும் மங்கிக்கொண்டு வந்தது.

பரிமாறுகிற சேவியர் கதவைத் தள்ளித் தலையை நீட்டினான். "குமுதாக்கா, உள்ளே கூப்பிடறாங்க. ஊத்தலாமா, கூடாதா?"

"உயிரோடதான் இருக்கு தம்பி," என்று அவள் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். "ஆனா போயிட்டே இருக்கு, சீக்கிரம் கிளாஸை வை, இல்லைன்னா அது போயே போயிடும்!"