கையை விடாத குடையும் மேகத்துக்கு மேல் சிவப்பும்

முன்னொரு காலத்தில், இடி இடித்தால் இட்லிப் பானை மூடி பறந்துபோய் அடுத்த ஊரில் விழுகிற ஒரு ராஜ்ஜியம் இருந்தது. பெயர் முழக்கபுரி. மூடியைத் தேடிப் போனவர்கள் சிலர் அங்கேயே கல்யாணம் கட்டிக்கொண்டதும் உண்டு.

அரண்மனைக் கோபுரத்தில் நின்று வானம் பார்ப்பது அஞ்சுகத்தின் வேலை. கூடவே அவள் தங்கை கோமளமும். அந்த நாட்டில் ஒரு வழக்கம்: வானத்தில் எதைக் கண்டாலும் இரண்டு பேர் கண்டால்தான் நிஜம். ஒருத்தர் மட்டும் கண்டால் பொய். பொய் சொன்னவருக்கு நாட்டில் இடமில்லை.

ஒரு நாள் இருட்டுகிற நேரம். தூரத்துக் கடலுக்கு மேல் இடிமழை. மின்னலைப் பார்த்துக் கண் கூசி அஞ்சுகம் இமையைக் கசக்கினாள். அந்த நொடியில் கோமளம் கத்தினாள்: "அக்கா, மேகத்துக்கு மேலே! சிவப்பாக! தாமரை போலத் தலை, விழுது விழுதாகக் கால்!"

அஞ்சுகம் பார்ப்பதற்குள் ஒன்றுமில்லை.

மறுநாள் சபையே கோமளத்தைச் சுற்றி நின்றது.

"நீயும் பார்த்தாயா, அஞ்சுகம்?" என்றார் ராஜா.

"இல்லை, மகாராஜா."

"மழைக்காலம் முடிவதற்குள் நீயும் பார்த்துச் சொல். இல்லையென்றால் உன் தங்கை எல்லையைத் தாண்ட வேண்டியதுதான்."

தங்கை போய்விடுவாளே என்று கவலை வந்ததா? வந்தது. அதற்கு முன்னால் வயிறு எரிந்தது. 'கோபுரம் ஏறக் கற்றுக்கொடுத்ததே நான். எனக்கு முகம் காட்டாத வானம் இவளிடம் மட்டும் இளிக்குமா? இவள் பார்த்ததைவிடப் பெரிசாக, கிட்டப் போய்ப் பார்க்கிறேன்!'

நேரே அந்த ஊர்க் குடை மந்திரவாதியிடம் போனாள். அவன் ஒரு கறுப்புக் குடையை நீட்டினான். "இடி எங்கேயோ அங்கே பறக்கும். ஆனால் உன் வயிற்றெரிச்சல் அடங்கும்வரை கையை விடாது."

"எனக்கென்ன வயிற்றெரிச்சல்?" என்று பிடுங்கினாள். பிடி உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது.

மேகத்துக்கு அடியில் போனாள்: மழைதான்.

"இன்னும் கிட்டே போகலாமா?" என்றது குடை.

"போ!"

மேகத்துக்குள் போனாள்: தேங்காய் தேங்காயாக ஆலங்கட்டிதான்.

"இன்னும் கிட்டே போகலாமா?"

"போ!"

மின்னலின் வாசலுக்கே போனாள்: பின்னல் பொசுங்கியதுதான் மிச்சம். நிமிர்ந்து பார்த்தால் குடை மறைத்தது.

இடி ஓய்ந்த பிறகு நனைந்த கோழியாகத் திரும்பினால், கோபுரத்தில் கோமளம் குதிக்கிறாள். "நீ இருந்த மேகத்துக்கு நேர் மேலே வந்தது அக்கா! கிட்டே போகாதே, எட்ட நின்று பார்."

"நீ எனக்குச் சொல்கிறாயா?"

அஞ்சுகத்தின் காது வழியாகப் புகை வந்தது. நிஜப் புகை. அந்தப் பக்கம் போன காக்கை ஒன்று இருமியது.

மழைக்காலத்தின் கடைசி நாள். காவலர்கள் கோமளத்தை எல்லை மலைக்கு அழைத்துப் போனார்கள். கோபுரத்தில் அஞ்சுகம் தனியாள்.

"கடலில் கடைசி இடி. இன்னும் கிட்டே போகலாமா?" என்றது குடை.

அஞ்சுகம் பக்கத்தில் திரும்பினாள். 'அக்கா' என்று கத்த ஆளில்லை. பொறாமைப்படக்கூட ஆளில்லை.

"இடி வேண்டாம். என் தங்கச்சியிடம் போ."

குடை முனகியது, திணறியது, முதல் முறையாக இடிக்கு முதுகைக் காட்டிப் பறந்தது.

எல்லை மலையில் வந்து இறங்கும்போது இருட்டிவிட்டது. தூரத்து மேகம் உளுந்துவடை அளவுதான் தெரிந்தது.

"கடைசியாக ஒரு தடவை என்னோடு நில், அக்கா," என்றாள் கோமளம். "குடையைச் சாய். மின்னலைப் பார்க்காதே. அதற்கு மேலே, இருட்டைப் பார்."

சாய்த்தாள். கீழே பளீரென்றது. மேலே, மேலே, அதற்கும் மேலே சிவப்பாய் ஒரு தாமரை, விழுது விழுதாய்க் கால். இமைப்பதற்குள் காணோம்.

"பார்த்தீர்களா, அம்மா?" என்றான் காவலன்.

இல்லையென்று சொன்னால் கோபுரம் முழுக்க அஞ்சுகத்துக்கு. ஆமென்றால் காலம் முழுக்க இரண்டாவது.

"பார்த்தேன்," என்றாள். "முதலில் பார்த்தவள் இவள். நான் ரெண்டாவது."

பொத்தென்று குடை விழுந்தது. தவளையாக மாறிக் கடலைப் பார்க்கத் தத்திப் போனது.

ராஜா இருவருக்கும் ஒரே நீளத்தில் முத்துமாலை போட்டுக் கோபுரம் ஏற்றினார். அஞ்சுகம் இரண்டையும் சேர்த்துப் பிடித்து நீளம் பார்த்துக்கொண்டே ஏறினாள்.

"முதலில் பார்த்தது நீதான், சரி. ஆனால் நான் பார்த்தது கொஞ்சம் பெரிசு."

"பெரிசுதான், அக்கா."

இடி இடித்தது. இருவர் தலைக்கும் மேலே ஓர் இட்லிப் பானை மூடி பறந்துபோனது. இரண்டு பேரும் பார்த்தார்கள். அதனால் அது நிஜம்.